தேமல் சார்

நண்பா,

இன்று காலை மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் காசநோய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பட்டையை வெட்டும்போது ஒரு கேப்சூல் உடைந்து, செங்கல் பொடி போல் கொஞ்சம் தூள் கண்ணாடி மேசையில் சிந்தியது. அவர் அதை ஈரத்துணியால் துடைத்தார். துணி சிவந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

தொழுநோய்க்கும் அதே சிவப்பு மாத்திரைதான், அதை நாம் எத்தனை பேர் கையில் கொடுத்திருப்போம். "நாளைக்கி ஒண்ணுக்குப் போறது செவப்பாப் போவும், பயப்படாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் நீ முன்கூட்டியே சொல்லிவிடுவாய். நான் சில சமயம் சொல்ல மறந்துவிடுவேன். மறுநாள் அவர்கள் அலறிக்கொண்டு வருவார்கள்.

நீ இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே கை ஓய்ந்துபோகும். எனக்கு எல்லாமே இப்போது அப்படித்தான் இருக்கிறது. இன்றைக்கு எப்படியாவது எழுதி முடித்துவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தொழுநோய் ஒழிப்புப் பிரிவில் களப்பணியாளர். ஆளுக்கு ஒரு சைக்கிள், ஆளுக்குக் கொஞ்சம் கிராமங்கள். வீடுவீடாகப் போய் எல்லோருடைய தோலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிறிய தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த ஆளுக்கு அன்றோடு பழைய வாழ்க்கை முடிந்தது என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று சொல்லிச் சொல்லி, மாதாமாதம் மரத்தடியில் மாத்திரை வாங்க வரவைப்பதுதான் நம் வேலை. கடத்தூர்ப் பக்கம் போனாலும் காரிமங்கலம் சந்தைக்குப் போனாலும் நம் காக்கிப் பையைப் பார்த்ததும் ஆட்கள் ஒதுங்குவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் பயமில்லாமல் உனக்குப் பெயர் வைத்தார்கள். தேமல் சார். நீ அந்தப் பெயரையே உன் பெயராக வைத்துக்கொண்டாய். "தேமல் சார் வந்திருக்கேன், வூட்ல யாருங்க?" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவாய்.

நான் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். விடுப்பு எடுத்ததில்லை, ஒரு வீட்டைப் பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னதில்லை. ஆனால் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே பேசுவேன். நீ சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவாய்.

சின்னபாப்பா வீட்டுக்கு உன்னோடு நானும் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. கணவனை இழந்தவள், ஆடு மேய்ப்பவள், இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப்போயிருந்தன. நம்மைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றேன். நீ வாசலில் உட்கார்ந்து, கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "இது சினையா இருக்குதுங்களா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாய். பிறகு உள்ளேயிருந்து, "ஆமாங்க" என்று வந்தது. அப்புறம் ஆட்டுக்குத் தழை கிடைக்காத கஷ்டம், மழை இல்லாத கஷ்டம் எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்தே வந்தன. கடைசியில் அவள் வெளியே வந்தாள்.

"எங்க வூட்ல தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டாள். உபசாரத்துக்குக் கேட்கவில்லை. உன்னைச் சோதித்தாள்.

"குடுத்தா குடிக்கறேனுங்க."

அவள் கொண்டுவந்த சொம்பை நீ அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்தாய். குடித்துவிட்டு அதை அவள் கையிலேயே கொடுத்தாய். அடுத்த மாதம் மரத்தடிக்கு முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான்.

மாதக் கூட்டத்தில் டாக்டர் நம் எல்லோருடைய கிராமங்களையும் வரிசையாகப் படிப்பார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். உன் கிராமங்கள் வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். மாத்திரை விட்டுப்போனவர்கள் உன் பக்கம் அநேகமாக இருக்கமாட்டார்கள். பஞ்சத்தில் பாதி ஊர் பெங்களூருக்குக் கல் உடைக்கப் போன வருடங்களில்கூட, மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்தில் விடியற்காலையில் போய் நின்று, ஓசூர் பஸ் ஏறுகிறவர்களின் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவன் நீ.

"அப்படி என்னய்யா பண்றே?" என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வந்துருவாங்கன்னு நெனச்சிக்கிட்டுப் போறேன். வர்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற பதில் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் போகும்போது, எப்படியும் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். அப்படியே நடக்கும்.

உன் தேமலை முதலில் பார்த்தது நான்தான். நாம் வாடகைக்கு இருந்த அறைக்குப் பின்னால், அடிபம்பில் நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழே, உன் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வெற்றிலை அகலத்துக்கு வெளிறியிருந்தது. தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னப்பா?" என்றாய்.

"முதுகுல என்னமோ இருக்குது."

நீ ஈரத்தோடு உள்ளே போய், பையிலிருந்து இறகை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாய். முதுகைத் திருப்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாய். தொடுவது தெரிந்தால் விரலை உயர்த்துவது வழக்கம். நான் தொட்டேன். நீ அசையவில்லை. மறுபடி தொட்டேன். பிறகு நடுவில், ஓரத்தில் என்று மாற்றி மாற்றித் தொட்டேன்.

"தொட்டுட்டியா?" என்று கேட்டாய்.

இறகை உன் கையில் திருப்பிக் கொடுத்தேன். நீயே புரிந்துகொண்டு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாய்.

டாக்டர் அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் சரியாகிவிடும், யாருக்கும் ஒட்டாது என்றார். "உனக்குத் தெரியாததா?" என்றார். நீ தலையாட்டினாய். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது என்னிடம், "தெரிஞ்சு என்னப்பா பிரயோஜனம்? ஊருக்கெல்லாம் சொன்னேன். இப்ப எனக்கே அது காதுல ஏற மாட்டேங்குது" என்றாய்.

அதற்குப் பிறகு நீ கிராமங்களுக்குப் போகவில்லை. அலுவலகத்துக்கு வருவாய், கையெழுத்துப் போடுவாய், பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாய். முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாய். முதுகில் இருப்பதை மறைக்க முழுக்கை எதற்கு என்று நான் கேட்கவில்லை. காரிமங்கலத்தில் மனைவி பிள்ளைகளைப் பார்க்கச் சனிக்கிழமை தவறாமல் போகிறவன், வேலை இருக்கிறது என்று சொல்லி அறையிலேயே இருந்தாய். அவளுக்குச் சொல்லவில்லை.

உன் கிராமங்களையும் டாக்டர் என்னிடமே கொடுத்தார். அதே மரத்தடி, அதே தேதி, அதே மாத்திரை. நான் எதையும் குறைவாகச் செய்யவில்லை. என் கிராமங்களில் எப்படிச் செய்வேனோ அப்படியேதான் செய்தேன். ஆனால் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களும் மாத்திரையை வாங்குமுன் எனக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்ப்பார்கள்.

"சார் வரலீங்களா?"

"ஒடம்பு சரியில்ல."

"எப்ப வருவாருங்க?"

மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். மாதக் கூட்டத்தில் டாக்டர் குழம்பிப்போனார். "மாத்திரை மாறல, ஊர் மாறல. என்னய்யா ஆச்சு இந்த ஊருக்கெல்லாம்?" என்றார். நீ அதே அறையில், கடைசி நாற்காலியில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நோய் உன் முதுகில் ஒரு வெற்றிலை அளவுதான் இருந்தது. மாத்திரை அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போனது வேறு ஒன்று. வந்துவிடுவார்கள் என்ற அந்த நினைப்பு உன்னைவிட்டுப் போயிருந்தது. அது போனதும், சைக்கிளும் பையும் வெறும் சைக்கிளும் பையும் ஆகிவிட்டன.

ஒரு நாள் மதியம் சின்னபாப்பா பஸ் ஏறி நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவ்வளவு தூரம் அவள் தனியாக வந்து நான் கேள்விப்பட்டதில்லை. கண்டக்டர் அவளைக் கடைசிப் படிக்கட்டிலேயே நிற்கவைத்திருக்கிறார். முந்தானையில் உனக்காகக் கொஞ்சம் கம்பு மாவு முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

உன்னைக் கண்டதும் நேராக வந்து முன்னால் நின்றாள். "ஒடம்பு சரியில்லன்னு இந்த சாரு சொல்றாரு. என்னான்னு சொல்ல மாட்டேங்கறாரு. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேன்."

"மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"ஒழுங்கா சாப்புடறீங்களா? நடுவுல வுட்டுறாதீங்க. நல்லாயிருச்சுன்னு நெனச்சு வுட்டுறக் கூடாது."

நீ சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள், அதே வரிசையில். உன் முகம் கோணியது. சிரிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ அழுதாய். அழுதுகொண்டே எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, அவளுக்கு முதுகைக் காட்டினாய். டாக்டரையும் என்னையும் தவிர அதை முதலில் பார்த்தவள் அவள்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ்ளோதானா? எனக்கு இதவிடப் பெருசு" என்றாள். மடங்கிய விரல்களால் அந்த இடத்தைத் தொட்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு வெரல்ல தெரியாது, உங்களுக்கு முதுகுல தெரியாது. தொட்டனா இல்லியான்னு ரெண்டு பேருக்கும் தெரியல பாருங்க."

நீயும் சிரித்தாய். அவ்வளவு நாள் கழித்து உன் சிரிப்பைக் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காரிமங்கலம் போய் மனைவியிடம் சொன்னாய். அது நன்றாக முடியவில்லை. அவள் அன்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாரண்டஹள்ளியில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "ஊரு வியாதியெல்லாம் தொட்டுத் தொட்டு வூட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க" என்றாளாம். நீ என்னிடம் அதைச் சொன்னபோது அவள்மேல் கோபப்படவில்லை. "பயந்துட்டாப்பா. நானே பயந்தேனே" என்றாய்.

திங்கட்கிழமை காலையில் உன் பையை நீயே தோளில் மாட்டிக்கொண்டாய். நானும் கூட வந்தேன். உன் கிராமங்களில் ஒரு மனிதர் இருந்தார், நெடுநாளாக மாத்திரை வாங்க மறுத்துவந்தவர். எப்போது போனாலும் ஒன்றுதான் சொல்வார்: "உனக்கு வந்திருந்தா இப்பிடிப் பேச மாட்டே." அன்றைக்கும் அதையே சொன்னார். நீ சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றாய். அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "எத்தன மாசம் சாப்புடணும்?" என்று கேட்டார்.

நீ சட்டையைக் கழற்றிய எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. உனக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் உன் கிராமத்து டீக்கடையில் தேங்காய்ச் சிரட்டையில் டீ கொடுத்தார்கள். நம் அலுவலகத்திலேயே ஒருவர் தண்ணீர்ப் பானைக்கு உன்னை முந்திக்கொண்டு போவார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இனி நீ வரவேண்டாம், வேறு ஆளை அனுப்பச் சொல் என்றார். நீ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய். ஆனாலும் மரத்தடியில் ஆட்கள் திரும்பச் சேர்ந்தார்கள். தேமல் சாருக்கே தேமல் வந்து, அவரே நம் மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார் என்ற செய்தி நம் சைக்கிளைவிட வேகமாக ஊர்களுக்குள் போனது. மாத்திரை கொடுக்கும் நாளில் அவர்கள் முன்னால் நீயும் ஒன்றை விழுங்குவாய்.

மனைவி திரும்பி வந்தாள். ஊரில் கேட்கிறார்கள் என்றுதான் வந்ததாகச் சொன்னாள். உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ஆறு மாதத்தில் மாத்திரை முடிந்தது, டாக்டர் கைகொடுத்து அனுப்பினார். தனி டம்ளர் முடியவில்லை. அதற்கப்புறமும் வெகுகாலம் ஆயிற்று. ஒரு நாள் நீ பாதி குடித்துவிட்டு வைத்த காபியை, ஆறிப்போகிறது என்று சொல்லி அவள் எடுத்துக் குடித்தாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாய்.

என் மகள் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். தொழிலாளர்களைப் பார்த்துக்கொள்கிற பிரிவு. போன வாரம் போனில், "அப்பா, ஒருத்தரு நல்லா வேலை செய்யறதுக்குத் தெறமை முக்கியமா, மனசு முக்கியமா? நான் ஒரு கூட்டத்துல பேசணும்" என்று கேட்டாள். நான் உன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அவரு எப்பவும் உற்சாகமா இருப்பாரு, இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் போனில் விளக்க எனக்குத் தெம்பில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ குணமான மறுவருடம். வத்தல்மலையில் ஒரே ஒரு நோயாளிக்காக நாம் இருவரும் மலை ஏறினோம். அப்போது ரோடு கிடையாது, கால்நடைதான். கீழே சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறினோம். பாதிவழியில் எனக்குக் கால் வலித்தது. உன் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. உன்னைப் போன்றவர்களுக்குச் சலிப்பே வராது, அந்த வரம் எனக்குக் கிடைக்கவில்லை, நமக்குள் வித்தியாசம் அதுதான் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

திடீரென்று நீ ஒரு பாறையில் உட்கார்ந்தாய். பையைக் கழற்றிக் கீழே வைத்தாய்.

"சலிப்பா இருக்குதுப்பா" என்றாய்.

"உனக்கா?"

"ஏன், எனக்கு வரக் கூடாதா? தெனமும் இருக்குது. காத்தால எந்திரிக்கும்போதே இருக்குது. யாரு வூட்டுக்குப் போனாலும் மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணும். சம்பளம் அதேதான். ஒருத்தனைத் தேத்தினா அங்க இன்னொருத்தன் கதவ மூடிக்கறான்."

"அப்புறம் எப்பிடிப்பா போறே?"

நீ கீழே தெரிந்த ஊர்களைப் பார்த்தாய். "மொதல்ல, இந்தச் சலிப்பு போவட்டும், அப்புறம் போலாம்னு உக்காந்து பாத்தேன். அந்த பெஞ்சுல. அது போவாதுப்பா. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் போவணும்."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாய். மேலே போனோம். அந்த ஆள் வீட்டில் இல்லை, சாமைக் காட்டில் இருந்தார். சாயந்திரம்வரை காத்திருந்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டு இறங்கினோம். வேறு விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு உன்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். உன் கிராமங்கள் நிரந்தரமாக என்னிடம் வந்தன. உன்னைப் போல் எனக்குப் பேச வரவில்லை. வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை உனக்கு இருந்த அளவுக்கு எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் நான் ஓய்வு பெறுகிறவரை அந்த மரத்தடிக்குப் போகாமல் இருந்ததில்லை.

இப்போது எனக்குப் போகவேண்டிய ஊர் எதுவும் இல்லை. முழங்கால் பிடித்துக்கொள்கிறது, படுக்கையைவிட்டு எழுந்து என்ன ஆகப்போகிறது என்று தினமும் காலையில் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் படுத்தபடியே அந்தச் சலிப்பைப் பார்க்கிறேன். அது போகிற மாதிரி தெரிவதில்லை. சரி, நீயும் வா என்று அதையும் கூட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.